குளிப்பாட்டும் கைக்கு ஒரு கட்டம்: இரு நாட்டு வரிப்படிவங்களில் முதுமைப் பராமரிப்பு

திருப்பதி பாலாஜி காலனியிலும் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையிலும் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் ஓய்வூதியக்காரர் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஜனவரி கடைசியில் அங்கே மகளுக்கு 1099-ஆர் என்ற தாள் வருகிறது. இங்கே ஏப்ரல் பிறந்ததும் அப்பா எல்ஐசி பிரீமியம் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டு ரசீது, பேங்க் வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஆடிட்டரிடம் எடுத்துப் போகிறார். இரண்டு பேருடைய தாள்களிலும் 'ரைடர்' என்ற பெயரில் ஒரு தொகை இருக்கிறது. அசல் பாலிசியோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக் காப்பு அது. மகளுடையது நீண்டகாலப் பராமரிப்பு ரைடர். அப்பாவுடையது பெரும்பாலும் கொடிய நோய் ரைடர், இல்லாவிட்டால் விபத்து ரைடர்.

இந்த இரண்டு ரைடர்களையும் இரு நாட்டு வரிப்படிவங்களும் எங்கே எழுதச் சொல்கின்றன, எதற்காக அங்கே எழுதச் சொல்கின்றன என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால், முதுமையில் வரும் இயலாமையைப் பற்றி ஒவ்வொரு அரசும் என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். சட்டசபைப் பேச்சுகளைவிட இந்தக் கட்டங்கள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன.

முதலில் அமெரிக்கப் பக்கம். அங்கே 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 7702பி என்ற பிரிவைச் சேர்த்தது. 'தகுதிபெற்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு' என்றால் என்ன என்பதற்கு அந்தப் பிரிவுதான் இலக்கணம். நோயின் பெயரை அது கேட்பதில்லை. ஆறு காரியங்களைக் கேட்கிறது: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்கிவைப்பது. இவற்றில் இரண்டையாவது பிறர் துணையில்லாமல் செய்ய முடியாத நிலை குறைந்தது 90 நாள் நீடிக்கும் என்று உரிமம் பெற்ற மருத்துவத் துறையினர் ஒருவர் சான்றளித்தால், அவர் பராமரிப்புக்கு உரியவர். மறதி நோயால் தனியே விட முடியாதவருக்கும் இதில் இடமுண்டு. பக்கவாதமா, இடுப்பெலும்பு முறிவா, வெறும் தள்ளாமையா என்ற வேறுபாடு இங்கே இல்லை. ஒருவர் தானாகக் குளிக்கிறாரா, இல்லையா என்பதுதான் கேள்வி.

ஆனால் பராமரிப்புக்கென்றே தனிப் பாலிசி எடுக்கப் பலருக்கும் மனம் வரவில்லை. படுக்கையில் விழாமலே போய்ச் சேர்ந்துவிட்டால் கட்டிய பணமெல்லாம் வீண்தானே என்ற எண்ணம் எந்த ஊரிலும் உண்டு. அதனால் ஆயுள் பாலிசியோடும் ஆனுவிட்டி என்ற ஆண்டுத்தொகைத் திட்டத்தோடும் பராமரிப்பு ரைடரைச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு வரிச் சிக்கல் முளைத்தது. ரைடருக்கான கட்டணத்தை வாடிக்கையாளர் தனியாகக் காசோலை எழுதிக் கட்டுவதில்லை. பாலிசிக்குள் சேர்ந்திருக்கும் பண மதிப்பிலிருந்து நிறுவனமே மாதாமாதம் எடுத்துக்கொள்ளும். பாலிசியிலிருந்து பணம் வெளியே போனால் வரிச்சட்டத்தின் கண்ணில் அது பணம் எடுத்த கணக்கு. ஆனுவிட்டியில் எடுக்கும் பணம் முதலில் லாபமாகவே கருதப்படும் என்பதால், கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை.

இதைத் தீர்த்தது 2006-ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம். 2009 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுக்கப்படும் இப்படிப்பட்ட கட்டணங்களுக்கு வருமான வரி கிடையாது என்று அது சொன்னது. அதற்குப் பதிலாக, பாலிசியில் போட்ட முதலின் கணக்கில் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே சட்டம் பழைய ஆனுவிட்டியை வரியில்லாமல் பராமரிப்புக் காப்பீடாக மாற்றிக்கொள்ளவும் வழி திறந்தது.

அந்த ஏற்பாடு தாளில் வந்து நிற்கும் இடம்தான் 1099-ஆர். முதல் கட்டத்தில் அந்த ஆண்டு எடுக்கப்பட்ட ரைடர் கட்டணம் முழுவதும் இருக்கும். 2ஏ என்ற கட்டத்தில், வரி விதிக்கத்தக்க தொகை பூச்சியம். ஏழாவது கட்டத்தில் ஒற்றை எழுத்து: டபிள்யூ. பணத்தை வாடிக்கையாளர் எடுக்கவில்லை, பராமரிப்புக் காப்புக்காக உள்ளுக்குள்ளேயே கழிந்தது என்று வரித்துறைக்குச் சொல்லும் குறி அது.

கணக்குக்காக ஒரு பாலிசியை எடுத்துக்கொள்வோம். போட்ட முதல் 60,000 டாலர், இன்றைய பண மதிப்பு 1,00,000 டாலர், ஆண்டுக்கு ரைடர் கட்டணம் 1,500 டாலர். இந்த ஆண்டுத் தாளில் முதல் கட்டத்தில் 1,500, அடுத்ததில் 0, ஏழாவதில் டபிள்யூ. முதல் 58,500 ஆகக் குறைகிறது. 20 ஆண்டு இப்படியே போனால் 30,000 டாலர் கழிந்து, முதலாக மிஞ்சுவது 30,000. அன்றைக்கு பாலிசியைச் சரண்டர் செய்தால் கிடைக்கும் தொகையில் இந்த 30,000 போக மீதியெல்லாம் லாபம், அதற்கு வரி உண்டு. ரைடர் கட்டணத்தை ஒவ்வோர் ஆண்டும் குறித்து வைக்காதவர் அப்போது 60,000-ஐக் கழித்துவிட்டு, பிறகு நோட்டீஸ் வாங்குவார். முதல் முழுவதும் கரைந்து பூச்சியமான பிறகும் கட்டணம் கழிந்துகொண்டே போனால், அப்போதும் அதற்கு வரி இல்லை. சட்டம் கொடுத்த உண்மையான சலுகை அந்தக் கடைசி வாசகத்தில்தான் இருக்கிறது.

தாளில் பூச்சியம் இருக்கிறதே என்று அதைப் படிவத்தில் காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. நிறுவனம் அதே தாளின் இன்னொரு படியை வரித்துறைக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கட்டங்களை உள்ளபடியே நிரப்பிவிட்டால் வரி ஒரு காசும் ஏறாது. இன்னொரு பிழை இதைவிடக் கனமானது: இதே தொகையை மருத்துவச் செலவாகவும் காட்டிக் கழிவு கேட்பது. வருமானத்தில் சேர்க்காமல் விட்ட தொகைக்கு மறுபடி கழிவு இல்லை என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. தனிப் பராமரிப்புப் பாலிசிக்குச் சொந்தக் கையால் பிரீமியம் கட்டுகிறவர் மட்டும் அதை மருத்துவச் செலவோடு சேர்க்கலாம். அதற்கும் வயதுக்கேற்ற உச்சவரம்பு உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கு 40 வயது வரை 480 டாலர், 70 வயதுக்கு மேல் 6,020 டாலர். அதோடு, மருத்துவச் செலவு மொத்தமும் சரிசெய்த வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் அளவுக்குத்தான் கழிவு. இளம் வயதில் சம்பாதிக்கிறவர்களில் பலர் அந்த வாசலை எட்டுவதே இல்லை.

இனி அப்பாவின் கவர்.

நம் ஊரில் ரைடரை எங்கே எழுதுவது என்பது, அது எதைக் காக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆயுள் பாலிசியின் பிரீமியம் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் வரும். அதோடு வரும் விபத்து ரைடரையும் அங்கேயே சேர்ப்பது வழக்கம். கொடிய நோய் ரைடர் உடல்நலக் காப்பீடு என்பதால் அதன் பிரீமியம் 80டி. ஒரே ரசீதில் இரண்டும் கலந்திருக்கும். சான்றிதழில் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் மொத்தத்தையும் 80சியில் தள்ளிவிடுவது நம் ஆடிட்டர் ஆபீஸ்களில் சர்வசாதாரணம். பிஎப், வீட்டுக்கடன், பள்ளிக்கட்டணம் என்று 80சியின் ஒன்றரை லட்சம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். 80டியின் இடம் காலியாகவே கிடக்கும்.

80டியில் தனக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் 25,000 ரூபாய், பெற்றோருக்குத் தனியாக இன்னொரு 25,000. பெற்றோர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்றால் அது 50,000. 60 தாண்டியவருக்கு மருத்துவக் காப்பீடே இல்லையென்றால், அவருக்காகச் செய்த மருத்துவச் செலவையே 50,000 வரை காட்டலாம். பிரீமியமானாலும் செலவானாலும் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. ஆண்டு உடல் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கம் பொறுக்கிறார்கள்.

சட்டத்தின் வாசகம் இவ்வளவுதான். இதைப் பாலாஜி காலனி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பெரியவருக்குப் பக்கவாதம். திருப்பதி ஸ்விம்ஸில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. ஆஸ்பத்திரி பில்லை காப்பீடு பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது உண்மையான செலவு. காற்று மெத்தை, சக்கர நாற்காலி, டயபர், மூக்கில் போட்ட குழாயை மாற்ற வரும் நர்ஸ், வாரம் மூன்று நாள் பிசியோ, பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள். பகல் ஆள் காலையில் வந்ததும் வெந்நீர் வைத்து உடம்பு துடைத்து, முதுகில் புண் கண்டிருக்கிறதா என்று பார்த்து, பவுடர் போட்டு, சட்டை மாற்றி, கஞ்சியை வடிகட்டிக் குழாயில் விட்டு, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறாள். மாதக் கடைசியில் சம்பளம் கையில் ரொக்கமாகப் போகிறது. ரசீது கிடையாது. வருமான வரிப் படிவத்தில் அவள் பெயரும் இல்லை, அவள் வேலையும் இல்லை.

அமெரிக்கச் சட்டம் கேட்ட ஆறு காரியங்களையும் இந்தப் பெண்தான் செய்கிறாள். நம் 80டி அவளைப் பார்ப்பதில்லை. பெரியவருக்குக் காப்பீடு இருப்பதால் மருத்துவச் செலவுக் கழிவு கிடையாது. காப்பீடே இல்லாமல் இருந்திருந்தாலும் ரொக்கம் என்பதால் செல்லாது. கூகுள் பே, ஃபோன் பே என்று சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுத்தாலும், உடம்பு துடைத்துவிட்ட கூலி 'மருத்துவச் செலவு'தானா என்ற கேள்வி நிற்கும். அந்தச் சொல்லுக்குச் சட்டம் விளக்கம் தரவில்லை.

காப்பீடும் இந்த இடத்தில் துணைக்கு வராது. கொடிய நோய் ரைடர் பட்டியலில் உள்ள நோய் வந்ததென்று நிரூபணமானால் ஒரே தவணையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளும். எல்ஐசியின் விபத்து மரணம் மற்றும் ஊனப் பலன் ரைடர்தான் மாதாமாதம் பணம் வரும் ஏற்பாட்டுக்கு அருகில் வருகிறது. விபத்தால் நிரந்தரமாக முடங்கினால் ரைடர் தொகையைப் பத்து ஆண்டுகளுக்குச் சமத் தவணைகளில் தருவார்கள், பிரீமியமும் மேற்கொண்டு கட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வாசகத்தில் 'விபத்து' என்று இருக்கிறது. முதுமை விபத்தல்ல. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதும் விபத்தல்ல.

இத்தனைக்கும் நம் சட்டத்தில் பராமரிப்பு என்ற எண்ணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது ஒளிந்திருக்கும் இடம் 80டிடி. தன்னைச் சார்ந்து வாழும் பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. இந்தப் பிரிவின் வாசகத்தில் சிகிச்சை, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றோடு செவிலிப் பணியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு செலவு செய்தாலும் கழிவு அதே நிலையான தொகை. ஒவ்வொரு டயபருக்கும் பில் அடுக்க வேண்டியதில்லை. கழிவுகளில் நோயாளி வீட்டு நிலவரத்தை அறிந்து எழுதப்பட்டது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சித்தூர், திருப்பதி ஆடிட்டர் ஆபீஸ்களில் 80டி கேட்கிறவர்களில் பத்தில் ஒருவர்கூட 80டிடி கேட்டு நான் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்து கிடக்கும் அப்பாவை 'ஊனமுற்றவர்' என்று ஒரு தாளில் எழுத மகனுக்கு மனம் ஒப்புவதில்லை.

"அப்பாவுக்கு உடம்புதான் சரியில்லை சார், ஊனம் எல்லாம் இல்லை" என்பார்கள். ஆடிட்டரும், "சரி விடுங்க தம்பி, 80டி மட்டும் போட்டுக்கலாம்" என்று அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க் கழிவு கைநழுவுகிறது.

இந்தக் கழிவுக்கு வேண்டிய ஊனச் சான்றிதழ் வாங்குவதும் எளிதல்ல. ஆந்திரத்தில் இதற்கு நெடுங்காலமாக இருந்து வருவது 'சதரம்' முகாம். முறைநாள் பதிவு செய்துவிட்டு, சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ திருப்பதி ரூயாவுக்கோ போய் மருத்துவக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். எழுந்திருக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றி, வரிசையில் உட்காரவைத்து, அவர் எழுந்திருக்க முடியாதவர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பராமரிப்புக் காப்பீட்டின் பலனுக்கு மருத்துவரோ, பதிவுபெற்ற நர்ஸோ, உரிமம் உள்ள சமூகப் பணியாளரோ சான்று தரலாம். இரண்டு ஏற்பாடுகளில் மனிதரை அறிந்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சார்ந்து வாழ்பவர் என்ற நிபந்தனையும் உண்டு. தனக்கென்று நல்ல ஓய்வூதியம் வாங்கும் தேவஸ்தான ஊழியரோ பேராசிரியரோ மகனைச் சார்ந்தவர் ஆகமாட்டார். அவருக்கு 80யு இருக்கிறது. ஊனமுற்றவர் தன் வருமானத்திலேயே அதே 75,000, 1,25,000 கழிவைக் கேட்கலாம். மறதி நோய், பார்க்கின்சன் நோய் போன்ற நரம்பு நோய்களில் ஊனம் 40 சதவீதத்தை எட்டியிருந்தால் 80டிடிபியும் உண்டு. 60 தாண்டியவருக்கு அதில் உச்சவரம்பு 1,00,000. ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும். உடம்பு துடைக்கும் கைக்கு அதிலும் இடமில்லை.

இதுவரை சொன்ன இந்தியக் கழிவுகள் எல்லாம் பழைய வரிமுறையில்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பான முறை ஆகிவிட்டது. அதில் 80சி, 80டி, 80டிடி, 80டிடிபி, 80யு எதுவும் இல்லை. 2025-26 முதல் 12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால் ஓய்வூதியக்காரர்களில் பெரும்பாலோர் கவலைப்பட வேண்டியதில்லை. மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் ஒரே வரி என்று புதிய முறை சொல்கிறது. 2026 ஏப்ரல் முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன (இங்கே சொல்வது பழைய எண்கள்). எண்ணை மாற்ற நேரம் கிடைத்த இடத்தில் இந்தக் கேள்வியையும் எடுத்திருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டியை நீக்கியது நல்ல காரியம், ரைடருக்கும் அதன் பலன் உண்டு. பிரீமியம் குறைந்தது சரி, இரவு ஆளின் சம்பளம் குறையவில்லையே.

இங்கே ஆந்திர அரசின் இன்னொரு ஏற்பாட்டைச் சொல்லாமல் போனால் ஒப்பீடு கோணலாகிவிடும். 2024 ஜூலை முதல் என்டிஆர் பரோசா ஓய்வூதியத்தில் முதியோருக்கு மாதம் 4,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000, பக்கவாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாய். 15,000 என்பது பகல் ஆள் ஒருவரின் சம்பளத்தைத் தாங்கக்கூடிய தொகை. காப்பீடும் இல்லை, ரைடரும் இல்லை, ரசீதும் கேட்பதில்லை. மாதம் முதல் தேதி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முடங்கிக் கிடப்பதற்குத் தனித் தொகை உண்டு என்று ஒப்புக்கொண்ட அளவில் ஆந்திரம் டெல்லியைவிடப் பல அடி முன்னால் நிற்கிறது.

ஆனால் அந்தத் திட்டத்தின் தகுதி விதிகளில், குடும்பத்தில் வருமான வரி கட்டுபவர் இருந்தால் இடமில்லை. ஏழைக்கே முதலிடம் என்பது நியாயம்தான். நகரியில் தறி ஓட்டி ஓய்ந்தவருக்கு அந்த 15,000 போய்ச் சேர வேண்டும். மேலே சொன்ன பேராசிரியர் வீட்டுக்கோ மாநிலத்தின் கை எட்டாது, மத்தியின் புதிய வரிமுறையும் கண்ணெடுத்துப் பார்க்காது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த குடும்பங்கள் திருப்பதியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவர்கள் வீட்டில் ரைடரும் மானியமும் எல்லாமுமாக இருப்பது மருமகள், அல்லது கல்யாணமாகாமல் வீட்டோடு தங்கிவிட்ட மகள். அவள் வேலைக்கு நம் படிவத்திலும் கட்டம் இல்லை, அமெரிக்கப் படிவத்திலும் இல்லை.

அமெரிக்காவை நான் உயர்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அங்கே பராமரிப்பு ரைடர் வாங்க முடிகிறவர் வசதியுள்ளவர். டபிள்யூ குறியின் சலுகை, பாலிசிக்குள் பணம் சேர்த்து வைத்திருப்பவருக்கே பயன்படும். வாடகை வீட்டில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு 1099-ஆர் வரப்போவதில்லை. இதைப் பார்த்துத்தான் வாஷிங்டன் மாநிலம் தனி வழியில் போனது. 2023 ஜூலை முதல் சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடித்து, பொதுப் பராமரிப்பு நிதி ஒன்றைத் திரட்டுகிறது. சியாட்டிலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலரின் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறது. ஜெர்மனி 1995-லேயே பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. ஜப்பானில் 2000 முதல் 40 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். அந்த நாடுகளில் ரைடரை எங்கே எழுதுவது என்ற குழப்பத்துக்கு வேலை குறைவு.

இரண்டு தாள்களும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் ஒன்று பாக்கி. முப்பது ஆண்டு அங்கே இருந்துவிட்டு, கடைசிக் காலம் ஏழுமலையான் காலடியில் என்று திருப்பதி திரும்பும் தம்பதிகள் பெருகி வருகிறார்கள். அவர்களில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் இங்கே வந்தும் அங்கே படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும், அதனால் டபிள்யூ போட்ட 1099-ஆர் தொடர்ந்து வரும். இங்கே முதல் இரண்டொரு ஆண்டு கழிந்து, அவர் இந்தியாவில் முழுமையான வசிப்பாளர் ஆகிவிட்டால், நம் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அதில் ஏ4 என்ற பகுதி, பண மதிப்புள்ள வெளிநாட்டுக் காப்பீட்டுக்கும் ஆனுவிட்டிக்கும் உரியது. நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தத் தேதி, சரண்டர் மதிப்பு எல்லாம் கேட்கிறார்கள். நம் நிதியாண்டுக் கணக்கு இங்கே இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டு. டாலரை ரூபாயாக மாற்ற ஸ்டேட் பேங்கின் தந்திவழிப் பரிமாற்ற (TT) வாங்கும் விகிதம்.

ரைடர் கட்டணம் நம் படிவத்தைத் தொடும் இடம் இதுதான். அந்தக் கட்டணம் கழிந்த பிறகு மிஞ்சிய சரண்டர் மதிப்பைத்தான் ஏ4-இல் எழுத வேண்டும். அமெரிக்காவில் அது குறைப்பது முதலின் கணக்கை, இங்கே குறைந்து தெரிவது பண மதிப்பு. இரண்டும் வேறு வேறு எண்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதினால் இரண்டு படிவங்களும் தவறிப்போகும். அதே கட்டணத்தை இங்கே 80டியில் காட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியாது. 80டிக்குரிய காப்பீட்டுக்கு நம் நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் இதற்கு வரியில்லை என்று எழுதிவைத்த வாசகத்துக்கு நிகரான வாசகம் இந்தியச் சட்டத்தில் இல்லாததால், பெரிய தொகை என்றால் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரைப் பார்ப்பதே பத்திரம்.

அட்டவணையை விட்டுவிடுவது சின்னப் பிழையாகப் போகாது. 2015-இல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில் இதற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் வைத்தார்கள். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் 1,00,000 டாலர் பாலிசி அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. 2015 ஜூலையில் கையெழுத்தான இந்திய–அமெரிக்க ஒப்பந்தப்படி இரு நாட்டு வரித்துறைகளும் கணக்குத் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. பாலிசி அங்கே இருப்பது இங்கே தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதுமைப் பராமரிப்பு விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 80டிடியின் நிலையான கழிவைப் புதிய வரிமுறைக்குள் கொண்டுவர வேண்டும். ஊன சதவீதம் என்ற ஒற்றை அளவுகோலோடு, குளிக்க, உடுக்க, சாப்பிட முடிகிறதா என்ற கேள்வியையும் அதில் சேர்க்க வேண்டும், வீட்டுக்கே வரும் மருத்துவரின் சான்றை ஏற்க வேண்டும். வரித்துறைக்கு இதனால் பெரிய இழப்பு வராது. பராமரிப்பு ஆளின் சம்பளம் வங்கி வழியாகப் போகத் தொடங்கும், அந்தப் பெண்ணுக்கும் தன் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்க ஒரு கணக்கு கிடைக்கும்.

அந்த மாற்றம் வரும்வரை, பழைய முறையில் இருக்கும் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் முடங்கியவர் இருந்தால், எந்த முறை லாபம் என்று கணக்குப் போடும்போது 80டிடியையோ 80யு-வையோ சேர்த்தே போட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மட்டும் உள்ளவர் முறையை ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடுத் தேதிக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். படிவம் இப்போது ஊன அடையாள எண்ணையும் கேட்கிறது. சான்றிதழ் தற்காலிகமானதாக இருந்தால் அதன் முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், காலாவதியான சான்றுக்கு அடுத்த ஆண்டு கழிவு கிடைக்காது. முகாமில் முறைநாள் கிடைக்க நாளாகும் என்பதால் ஜூலை வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.